மரத்தலும் விறுவிறுத்தலும்: கேடயச் சுரப்பி அறுவைக்குப் பின் ஒரு சொல்லாய்வு



கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் பணித்தனர். அத்தலைப்பில் கணினியையோ விண்வெளியையோ எடுத்துக்கொள்வதே வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது மனிதக் கழுத்தினுள் அரிசிமணி அளவில் ஒட்டிக்கிடக்கும் நான்கு சுரப்பிகளை. மொழியியல் கற்றவர்க்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். சுவாத் தோட்டத்தில் வாழும் நம் தமக்கையார்க்குச் சில ஆண்டுகளுக்கு முன் கழுத்தில் அறுவை நடந்தது. மருத்துவர்க்கும் அவர்க்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நின்றவர் நாம். அம்மொழிபெயர்ப்பு பிழைபட்டது. அப்பிழையே இன்றைய பொழிவின் பொருள்.

இலக்கணம் பயிலும் மாணவர்க்கு ஒரு சொல் இடையே. 'யாம்' என்பது கேட்போரை விலக்கும். 'நாம்' என்பது அவர்களையும் உளப்படுத்தும். இப்பொழிவு முழுதும் நாம் 'நாம்' என்றே பேசுகிறோம். ஆயினும் அந்தப் பிழையில் உங்களுக்குப் பங்கில்லை. அது நம்முடையது மட்டுமே.

போர்ட்டிக்சன் மாவட்டத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள் இவ்வவையில் பலர் இருக்கக் காண்கிறோம். உங்களுக்குச் சுவாவை விளக்க வேண்டுவதில்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்ததையும், லயத்து வீடுகள் ஒவ்வொன்றாய் வெறுமையுற்றதையும் நீங்களே பார்த்தவர்கள். நம் தமக்கையார் முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் இன்றும் அவரை விட்டு நீங்கவில்லை. அவர் கழுத்தில் ஒரு கட்டி பல்லாண்டாக இருந்தது. நூல்கள் அதனை முன்கழுத்துக் கழலை என்னும். லயத்தில் அதற்குத் 'தொண்டைக் கட்டி' என்று பெயர். கண்டமாலை என்றும் சிலர் சொல்லினர். அது தவறு, கண்டமாலை என்பது கழுத்தின் நெறிகட்டிகள் மாலைபோல் வீங்கும் வேறு நோய். வலியில்லாத கட்டியைத் தோட்டத்தில் யாரும் நோயாகக் கருதுவதில்லை. சோறு விழுங்குவது கடினமான பிறகே அவர் அறுவைக்கு இசைந்தார். கேடயச் சுரப்பி, அதாவது நீங்கள் தைராய்டு என்று அறிந்த சுரப்பி, முழுவதும் அகற்றப்பட்டது. அறுவை செவ்வனே நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அச்சுரப்பியின் பின்புறத்தில், பெரும்பாலோர்க்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக, நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் எடை. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். அருகிலுள்ள கொழுப்பிலிருந்து பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் எளிதன்று. இவற்றுக்கும் தைராய்டுக்கும் தொழிலில் யாதோர் உறவும் இல்லை. தைராய்டு உடலின் எரிவேகத்தை நடத்துவது. இவையோ குருதியிலுள்ள கால்சியத்தைக் காப்பவை. நம் உடற்கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. குருதியில் ஓடுவது மிகச் சிறு பங்கு. ஆயினும் நரம்பும் தசையும் ஒழுங்காக இயங்குவது அச்சிறு பங்கினால்தான். அதன் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 2.1 முதல் 2.6 மில்லிமோல் என்னும் குறுகிய எல்லைக்குள் நின்றாக வேண்டும். சற்றே குறைந்தாலும் இந்நான்கும் தம் இயக்குநீரைக் குருதியில் விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். வைட்டமின் டியைச் சிறுநீரகத்தில் செயல்வடிவாக்கி, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் ஈர்க்கச் செய்யும். அவ்வியக்குநீர் குருதியில் சில நிமிடங்களே தங்கும். ஆகவே சுரப்பிகள் ஓய்ந்தால் அதன் விளைவு நாட்கணக்கில் அன்று, மணிக்கணக்கிலேயே தொடங்கிவிடும்.

தைராய்டை எடுக்கும்போது இவற்றை விட்டுவைப்பதே அறுவையாளர் நோக்கம். எனினும் இவற்றுக்குக் குருதி கொணரும் நுண்குழாய்கள் தைராய்டைத் தொட்டே வருகின்றன. குழாய் நசுங்கினாலும், சுரப்பி கன்றினாலும், அது சில நாளோ சில வாரமோ மயங்கிக் கிடக்கும். முழு அகற்றத்துக்குப் பின் இத்தகைய தற்காலிகக் குறைவு ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை காணப்படுகிறது. நிலைத்துவிடும் குறைவு தேர்ந்த கைகளில் நூற்றுக்குச் சிலரேயாம். கால்சியம் பெரும்பாலும் அறுவைக்குப் பின் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் அடிநிலையை எட்டும். அந்நாள்களில் குருதிச் சோதனை ஒருபுறம் இருக்க, முதல் அறிவிப்பு நோயாளியின் வாய்ச்சொல்லாகவே வரும். உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் ஒருவகைக் கூச்சம் தோன்றும். அது கண்ணுக்குத் தெரியாது, கருவிக்கும் புலப்படாது. உணர்ந்தவர் சொன்னால்தான் உண்டு.

இரண்டாம் நாள் பிற்பகல் இளம் மருத்துவர் ஒருவர் கட்டிலருகே வந்தார். நல்ல பிள்ளை, தமக்கையாரை 'மக்சிக்' என்று அன்போடு விளித்தார். உதட்டையும் விரலையும் சுட்டிக் காட்டி, "அடா கெபாஸ்?" என்று மலாயில் வினவினார். தமக்கையார்க்குச் சந்தை மலாய் தெரியும். ஆனால் மருத்துவமனையில் அவர் எப்போதும் நம்மையே பார்ப்பார். நாம் மொழிபெயர்த்தோம்: "அக்கா, உதடு, விரலெல்லாம் மரத்துப் போயிருக்கா?"

"மரக்கலையே தம்பி. நல்லாத்தான் இருக்கு."

"தீடாக்," என்றோம் நாம். மருத்துவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார். மாலைக் குருதிச் சோதனை முடிவு அப்போது வந்திருக்கவில்லை.

அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் தமக்கையார் தம் பேர்த்தியிடம் வேறொன்று சொல்லியிருந்தார். அதைப் பின்னரே அறிந்தோம். "வாயைச் சுத்தி விறுவிறுங்குதுடி. வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போன மாதிரி." பேர்த்தி தண்ணீர் கொடுத்தாள். அத்துடன் அது முடிந்தது.

மாணவர்களே, இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். தமக்கையார் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. கேட்ட கேள்விக்குத் துல்லியமாக விடையிறுத்தார். பிழை கேள்வியில். மரத்தல் என்பது மரம் என்னும் பெயரோடு உறவுடைய வினை. உணர்வு அற்று, மரக்கட்டை போல் ஆதல் அதன் பொருள். பல் பிடுங்குமுன் ஊசி போட்டால் மரக்கும். விறுவிறுத்தல் அதற்கு நேர் எதிரானது. அங்கே உணர்வு குறையவில்லை. இல்லாத தூண்டலுக்கும் நரம்பு தானாக எழுந்து அதிர்கிறது. கால்சியம் குறையும்போது நிகழ்வதும் இதுவே: நரம்பு உறங்குவதில்லை, வேண்டாத விழிப்புக் கொள்கிறது. ஆகவே தமக்கையாரின் சொல் உடலியலுக்கு முற்றும் பொருந்திய சொல். மலாயின் 'கெபாஸ்' மரத்தலையும் கூச்சத்தையும் ஒருங்கே தழுவும் சொல். அதை ஒரே தமிழ்ச்சொல்லில் அடைத்ததே நம் பிழை. முனைவர் பட்டம் பெற்று, சொற்பொருளியல் கற்பித்து, ஓய்வும் பெற்ற ஒருவர் செய்த பிழை.

தோட்டத்துத் தமிழில் இவ்வகை உணர்வுக்கு எத்தனை சொற்கள் உள்ளன என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். மரத்தல், திமிர்த்தல், மதமதத்தல் ஆகியன உணர்வு மங்குவதைச் சொல்வன. விறுவிறுத்தல், சுருசுருத்தல், குறுகுறுத்தல் ஆகியன உணர்வு மிகுவதைச் சொல்வன. பின்வரிசையில் உள்ளவை எல்லாம் இரட்டித்து வருவதை நோக்குக. தொல்காப்பியர் இரட்டைக்கிளவி என்று பெயரிட்டுப் பிரித்துவைத்த இனம் இது. துடிப்பும் அதிர்வும் மீண்டும் மீண்டும் வருவன. சொல்லும் மீண்டு வருகிறது. உணர்வு மங்குவதற்குள்ள சொற்களில் மதமதத்தல் மட்டுமே இரட்டிக்கிறது. அதுவும் முழு மரப்பன்று, பாதி மரப்பு. வகுப்பறையில் இரட்டைக்கிளவிக்குச் 'சலசல', 'கலகல' என்று ஓடையையும் சிரிப்பையும் காட்டி நிறுத்திவிடுகிறோம். நோயாளி வாயில் அது ஒரு மருத்துவக் குறிப்பு என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்று. 'விறுவிறுப்பு' என்றவுடன் இங்குள்ள மாணவர்க்கு நினைவில் வருவது பந்தாட்டமும் திரைப்படமுமே. நாளிதழ் வழக்கில் அச்சொல் வேகம், பரபரப்பு என்னும் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. பேர்த்தி அதைக் கேட்டும் கவலை கொள்ளாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் எறும்பு மட்டும் எம்மொழியிலும் பிழைத்திருக்கிறது. தமிழர் 'எறும்பு ஊர்வது போல்' என்பர். மலாயில் 'செமுட்-செமுட்' என்பர். செமுட் என்றால் எறும்பு. மருத்துவ நூல்களிலுள்ள 'ஃபார்மிகேஷன்' என்னும் சொல்லும் எறும்பைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லிலிருந்து வந்ததே. அன்று அந்த எறும்பை நாம் துணைக்கு அழைத்திருந்தால் மூன்று மொழியிலும் பொருள் கெடாமல் சென்றிருக்கும்.

அன்றிரவு குருதியழுத்தம் பார்க்கக் கையில் பட்டை கட்டியபோது தமக்கையாரின் விரல்கள், திருநீறு எடுக்கக் குவிந்த கைபோல், ஒன்றோடொன்று சேர்ந்து விறைத்தன. மணிக்கட்டு உள்நோக்கி மடங்கியது. அவரால் பிரிக்க இயலவில்லை. இதற்கு மருத்துவத்தில் துரூசோ குறி என்று பெயர். காதின் முன்பக்கம் கன்னத்தை மெல்லத் தட்டினால் உதடு துடிப்பது இன்னொரு குறி. செவிலியர் உடனே உணர்ந்துகொண்டார். கால்சியம் குளுக்கோனேட்டு நரம்புவழி மெதுவாகச் செலுத்தப்பட்டது. சிறிது நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. இன்னும் முற்றியிருந்தால் குரல்வளைத் தசை இறுகி மூச்சுத் தடைப்படவும், இதயத் துடிப்பு தடுமாறவும் இடமுண்டு. அது நேரவில்லை. சுண்ணாம்பு கூடிப்போனதாகச் சொன்ன வாய்க்கு, உண்மையில் சுண்ணாம்பின் உட்பொருளான கால்சியமே குறைந்திருந்தது என்பதை எண்ணி மறுநாள் அவரே சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிப் பெயருக்கு வருவோம்.

'தைராய்டு' என்பதன் மூலம் கிரேக்கச் சொல். கதவு போன்ற நெடிய கேடயத்தைக் குறிப்பது. ஆனால் கேடய வடிவம் உடையது சுரப்பி அன்று. அதன் மேலே இருக்கும் குருத்தெலும்பு. ஆடவர் கழுத்தில் சங்குபோல் புடைத்துத் தெரியும் அதற்குள்தான் குரல்நாண்கள் உள்ளன. ஒலியியலார்க்கு அது சொந்த ஊர். 1656இல் தாமசு வார்ட்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அக்குருத்தெலும்பின் பெயரை அருகிலுள்ள சுரப்பிக்கும் வழங்கினார். பின்னர் 1880இல் சுவீடனின் உப்சாலாவில் ஐவார் சாண்டுசுட்ரோம் அதன் பின்னுள்ள சிறு சுரப்பிகளைக் கண்டு, 'தைராய்டுக்கு அருகிலுள்ளவை' என்னும் பொருளில் பெயரிட்டார். ஆக, கேடயம் குருத்தெலும்புக்கு உவமை, சுரப்பிக்கு ஆகுபெயர், சிறு சுரப்பிகளுக்கு ஆகுபெயரின் நிழல். பெயர் ஒவ்வொரு படியிலும் இடத்தையே சொல்கிறது, தொழிலைச் சொல்லவே இல்லை.

இதனை நாம் 'இணைகேடயச் சுரப்பி' என்று தமிழாக்கினோம். தமிழக பாடநூல்கள் 'பாராதைராய்டு' என்றே எழுதுகின்றன. நம் மாணவர் இடைநிலைப்பள்ளியில் மலாய்வழி 'பாராதிரோயிட்' என்று கற்கின்றனர். நாம் பல்லாண்டு தமிழ் வடிவத்துக்காக வாதாடியவர். ஆகவே தமக்கையார்க்கு நிகழ்ந்ததை விளக்கும்போதும் பெருமிதத்தோடு அச்சொல்லையே பயன்படுத்தினோம். அவர் கேட்டார்: "அப்ப அது தைராய்டுக்குத் தங்கச்சியா?" ஏறக்குறைய அப்படித்தான் என்றோம். "அக்காவையே எடுத்துட்டாங்களே. அப்புறம் தங்கச்சி என்னாத்துக்கு?"

அக்கேள்விக்குப் பின் அச்சொல்லின்மேல் நமக்கிருந்த பற்று தளர்ந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். 'இணை' என்னும் அடை, அதனைத் துணைப்பொருளாக, இல்லாவிட்டாலும் குறையில்லாத ஒன்றாகக் காட்டுகிறது. கிரேக்க முன்னொட்டும் அதையேதான் செய்கிறது. ஆனால் கிரேக்கம் நோயாளிக்கு விளங்குவதில்லை. ஆகையால் அவரை ஏமாற்றுவதும் இல்லை. தமிழ்ச்சொல் விளங்கும், விளங்குவதனாலேயே அது தவறாக விளங்கவும் கூடும். கலைச்சொற் குழுக்களில் அமர்ந்து நாம் இதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சாண்டுசுட்ரோம் கதையில் மொழி சார்ந்த துயரம் ஒன்றும் உண்டு. அவருக்கு முன்பே ஒருவர் இதனைக் கண்டிருந்தார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1849இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன், இச்சிறு சுரப்பியைக் குறித்துவைத்தார், பெயரிடவில்லை. மனித உடலில் கண்டு, ஐம்பது பிணங்களில் ஆராய்ந்து, பெயரும் இட்டவர் சாண்டுசுட்ரோம்; அப்போது அவர் மருத்துவ மாணவர். கட்டுரை நீண்டதென்று செருமானிய இதழொன்று ஏற்கவில்லை என்பர். உப்சாலா மருத்துவர் சங்க இதழில், சுவீடிய மொழியில், அது வெளிவந்தது. செருமானியமும் பிரெஞ்சும் ஆண்ட அக்கால மருத்துவ உலகில் அதை ஊன்றிப் படித்தவர் மிகச் சிலர். 1889இல், முப்பத்தேழு வயதில், அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். இரண்டாண்டு கழித்துப் பிரான்சின் யூசேன் கிளே இச்சுரப்பிகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. தைராய்டை எடுத்தால் நாய் வலிப்புற்று மடிவதும் முயல் பிழைப்பதும் ஏன் என்னும் புதிர் அதன்பின் அவிழ்ந்தது. முயலுக்குச் சிறு சுரப்பிகளில் ஒரு பகுதி தைராய்டிலிருந்து விலகி இருக்கிறது. அறுவையில் அது தப்பிவிடுகிறது.

அதே 1880களில் வியன்னாவில் பில்ரோத்தின் நோயாளிகள் சிலர் தைராய்டு அகற்றிய பின் கை விறைத்து இழுப்புற்றனர். சுவிட்சர்லாந்தின் பெர்னில் கோக்கரின் நோயாளிகளுக்கு அது அரிது. அவர்கள் வேறுவகையில், தைராய்டு இன்மையால், மந்தமுற்று வீங்கினர். இருவரும் அக்காலத்தின் தலைசிறந்த அறுவையாளர்கள். இருவர் பணியையும் நேரில் கண்ட அமெரிக்கர் ஆல்சுடெடு பின்னாளில் ஒரு விளக்கம் எழுதினார். கோக்கர் மெதுவாக, குருதி சிந்தாது, சுரப்பியின் உறையை ஒட்டியே சென்று தைராய்டை முற்றும் எடுத்தார். சிறு சுரப்பிகள் தப்பின. பில்ரோத்து விரைந்து செய்தார். தைராய்டில் சிறிது மிஞ்சியது, சிறு சுரப்பிகளோ குலைந்தன. இழுப்புக்குக் காரணம் கால்சியக் குறைவு என்பதை மெக்கல்லமும் வோக்ட்லினும் 1909இல் நிறுவினர். கோக்கர் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

தமக்கையார் வீடு திரும்பினார். மூன்று மாத்திரைகள்: தைராய்டுக்கு மாற்றாகத் தைராக்சின், கால்சியம், வைட்டமின் டியின் செயல்வடிவமாகிய கால்சிட்ரையால். சிறு சுரப்பிகள் ஓய்ந்திருக்கையில் சாதாரண வைட்டமின் டி போதாது; அதனைச் செயல்வடிவாக்கும் ஆணை அச்சுரப்பிகளிடமிருந்தே வருவது. தைராக்சினை வெறும் வயிற்றிலும், கால்சியத்தை அதற்கு நான்கு மணி நேரம் தள்ளியும் உண்ண வேண்டும். சேர்த்து உண்டால் கால்சியம் தைராக்சினைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராக்சின் அவர்க்கு எளிதாயிற்று. பழைய பெரட்டு நேரத்தில் எழுந்து தண்ணீரோடு விழுங்கிவிடுவார்.

கால்சியம் எளிதாகவில்லை. இரண்டு வாரம் கழித்து நாம் சென்றபோது அப்புட்டி பாதிக்கு மேல் காலி. மகிழ்ந்தோம். பின்னரே தெரிந்தது: பேர்த்தி தேர்வுக்குப் படிக்கிறாள், இளைத்துப் போகிறாள் என்று, தம் மாத்திரையை அவளுக்குக் கொடுத்து வந்திருக்கிறார். "சத்து மாத்திரைதானே தம்பி. எனக்கு இந்த வயசுல எதுக்குச் சத்து?" கால்சியம் என்றால் சத்து மாத்திரை, தோட்டத்து டிரசர் காலத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அப்பெயரில்தான் அது வழங்கிற்று. சத்து என்பது இருப்பவர் இல்லாதவர்க்கு ஈயக்கூடியது. மருந்து அவ்வாறன்று. அவர் வாயில் விறுவிறுப்பு மீண்டும் தொடங்கியிருந்தது. இம்முறை நாம் அச்சொல்லைச் சொல்லியே கேட்டோம், அவரும் ஆமென்றார். உடனே சிரம்பானுக்கு அழைத்துச் சென்றோம்.

அதன்பின் ஒரு தாளில் சில வரிகள் எழுதிக் கொடுத்தோம். வாயைச் சுற்றியோ விரல்நுனியிலோ விறுவிறுப்பு, சுருசுருப்பு, எறும்பூர்வது போன்ற கூச்சம் உண்டா? கெண்டைக்காலில் குரக்குவலி உண்டா? விரல்கள் தாமாகக் குவிந்து விறைக்கின்றனவா? குரல் அடைத்து மூச்சு இழுக்கிறதா? ஒன்றுக்கு ஆமென்றாலும் அன்றே மருத்துவமனைக்கு. கை விறைத்தாலோ மூச்சு இழுத்தாலோ அந்நொடியே. எதிர்ப்பக்கத்தில் பேர்த்தி அதையே மலாயில் எழுதினாள். 'கெபாஸ்' என்று மட்டும் எழுதாமல் 'செமுட்-செமுட்' என்றும் சேர்த்தாள். அது நாம் சொல்லிச் செய்ததன்று. 'குரக்குவலி' தமக்கையார்க்கு விளங்கவில்லை. அகராதியில் உள்ள சொல் என்றோம். "அகராதியிலேயே இருக்கட்டும்," என்று சொல்லி 'கண்டைக்கால் பிடிச்சு இழுக்குதா' என்று மாற்றச் செய்தார்.

ஆறாம் மாதச் சோதனையில் அவர் சுரப்பிகளில் சில விழித்துக்கொண்டிருந்தன. கால்சிட்ரையால் நிறுத்தப்பட்டது, கால்சியம் பாதியாகக் குறைக்கப்பட்டது. அத்தாள் இன்றும் அவர் கைப்பையில், மாத்திரைப் புட்டியோடு கிடக்கிறது. அதன் தலைப்பில் நாம் கொட்டை எழுத்தில் 'இணைகேடயச் சுரப்பி' என்று எழுதியிருந்தோம். சென்ற பொங்கலுக்குப் போனபோது பார்த்தோம். அதன் மேல் ஒரு கோடு இழுத்து, பேர்த்தியின் கையெழுத்தில் 'கால்சியத்தைக் காக்குற சுரப்பி, நாலு' என்று எழுதப்பட்டிருந்தது.